தாக்கம்

மெம்ஃபிஸ். சனிக்கிழமை. கிளியோதாவின் முடிதிருத்தகம்.
கண்ணாடிக்கு மேலே வெள்ளைப் பலகையில்
மூன்று வாரமாய் அழிபடாத கேள்வி:
ராப் வரலாற்றில்
பெருந்தாக்கம் தந்த இசைத்தொகுப்பு எது?
கீழே ஐந்து பெயர்கள்.
மூன்றாவதை யாரோ எச்சில் விரலால் துடைத்திருக்கிறார்கள்.

நியூயார்க்காரன் சொல்வதுதான் வேதமா
என்கிறான் லவெல், பாதித் தலை மழித்தபடி.
காரின் பின்பெட்டி அதிராவிட்டால்
அது பாட்டே இல்லை என்கிறான் இன்னொருவன்.
ஒரு பெண் முதன்முதலாய்த் திருப்பித் திட்டினாளே,
அந்தத் தட்டை எங்கே எழுதினீர்கள்
என்று மூலையிலிருந்து ஒரு குரல்.
தபால்கார ஐசையா விற்பனைக் கணக்கை எடுக்கிறார்.
"எண்ணிக்கைதான் தாக்கம் என்றால்
விருதைச் சளிக்காய்ச்சலுக்குக் கொடுங்கள்."
கடையே சிரித்தது.
என் காதோரம் கத்தரி இயந்திரம் ஒரே சுதியில்.

அப்போதுதான் வெர்னிஸ் வந்தாள்,
மழைக்கோட்டை வாசலிலேயே உதறிக்கொண்டு,
சின்னவன் கீனனுக்கு முடிவெட்ட.
"நீயும் ஒன்று சொல்லேன்" என்றான் லவெல்.
தெரியாதவன். ஊருக்குப் புதிது.

"என் பெரிய மகனுடையது."

இரண்டு பேர் சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள்.

"இருநூறு பிரதி. பெட்ரோல் பங்கில் விற்றான்.
பாதி விற்கவில்லை, என் கட்டிலடியில் கிடந்தது.
ஆனால் பன்னிரண்டு பேர், லவெல்.
முன்பின் தெரியாத பன்னிரண்டு பேர்
நாற்பது நிமிடத்தில் ஒரே மனதானார்கள்.
உன் பலகையில் இருக்கிற எதற்காவது
அந்தத் தாக்கம் உண்டா?"

அரசு வழக்கறிஞர் பாடவில்லையாம்.
மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
மளிகைச் சீட்டு வாசிப்பதுபோல் வாசித்தாராம்,
நான்காம் பாட்டு, இரண்டாம் சரணம்.
மூச்சுவிட வேண்டிய இடத்தில் விடாமல்,
நிற்கக்கூடாத இடத்தில் நின்று,
தண்ணீர் குடித்து.

"பதினொரு பாட்டு அதில்.
ஒன்பதாவது, நான் இரண்டு பஸ் மாறி
ஆஸ்பத்திரித் துணி வெளுக்கப் போவது.
அதையும் வாசியுங்கள் என்றேன்.
எழுந்து நின்றே கேட்டேன்.
உட்காரச் சொன்னார்கள்."

கீனன் உயர நாற்காலியில் ஏறி
கால் ஆட்டிக்கொண்டிருந்தான்.
பக்கவாட்டில் ஒரு மின்னல் கோடு வேண்டுமாம்.

இரண்டாம் சரணம்.
சமையலறைக்குப் பின்னால் துணி அலமாரி,
மூன்று பக்கமும் மெத்தை, நடுவில் ஒலிவாங்கி,
உள்ளே நானும் டாரியனும், ஒரே வியர்வை நாற்றம்.
ஒரு சொல் குறையுதுடா என்றான்.
கொடுத்தேன்.
ஒரு துப்பாக்கியின் பெயர்.
முந்தைய வரியின் கடைசி அசையோடு
அது அப்படி இயைந்தது,
இருவரும் சுவரில் அடித்துச் சிரித்தோம்.
அவன் கையில் துப்பாக்கியை
ஒருநாளும் நான் கண்டதில்லை.
அந்தச் சொல்லைத்தான் கண்டேன்.
அதுவும் என்னிடமிருந்து போனது.

சாட்சிக்கு என்னை யாரும் அழைக்கவில்லை.
நானாகவும் போகவில்லை.
அந்த வாரம் பார்சல் கிடங்கில் இரவு வேலை
என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிளியோதா மெல்லத் துண்டை உதறினார்.
இயந்திரத்தை அணைத்துவிட்டு
நீல மார்க்கரை எடுத்தார்.
ஐந்துக்குக் கீழே இடம் இருந்தது.
"தொகுப்பின் பெயர் என்ன, வெர்னிஸ்?"

அவள் யோசித்தாள்.
நெற்றியைத் தேய்த்தாள்.
"அங்கே எல்லோரும் சான்று பதினான்கு என்றே சொன்னார்கள்.
எனக்கும் அதுவே வாயில் வருகிறது."

எனக்குத் தெரியும்.
இருநூறு அட்டையிலும்
கறுப்பு மையில் அதை எழுதியது என் கை.
ஐந்தே எழுத்து.
நாக்கின் நுனிவரை வந்தது.

கிளியோதா பலகையில் 14 என்று எழுதினார்.
திரும்பி வந்து
என் தலையைப் பிடித்து முன்னால் குனியவைத்து
கழுத்தில் சவரக்கத்தியை வைத்தார்.

"அசையாதே" என்றார்.

அசையவில்லை.